முப்பதுக்கு எத்தனை என்று கேட்பவர்களுக்கு

நினைவாற்றல் பரிசோதனை முடிந்து முதியவர் அறையை விட்டு வெளியே வந்ததும், வராந்தாவில் காத்திருக்கும் குடும்பத்தார் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "முப்பதுக்கு எத்தனை?" எண்ணைக் கேட்டுச் சிலர் நிம்மதியடைகிறார்கள்; சிலர் கலங்கிப் போகிறார்கள். அந்த நிம்மதியும் அந்தக் கலக்கமும் பெரும்பாலும் அவசரப்பட்டவை என்பது எங்கள் எண்ணம். ஒரு நாளில் பெற்ற ஒரு மதிப்பெண் மிகக் குறைவாகவே பேசும். அதே மனிதர் ஓராண்டுக்கு முன்பும் ஈராண்டுக்கு முன்பும் பெற்ற மதிப்பெண்களின் அருகில் அதை வைத்துப் பார்க்கும்போதுதான் அது நமக்குப் பயன்படுகிறது. எங்களிடம் வருவோரில் பெரும்பாலோரிடம் அந்தப் பழைய எண் இல்லை. நலமாக இருக்கும்போது யாரும் அளந்து வைத்திருக்கவில்லை என்பதே காரணம்.

இரத்த அழுத்தத்தை ஒருமுறை அளந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் மறந்துவிடுபவர் இன்று குறைவு. சர்க்கரை அளவுகளைத் தேதி வாரியாகக் குறித்த சிறு நோட்டுப் புத்தகம் திருச்செந்தூர்ப் பகுதியில் பல வீடுகளில் உண்டு. நினைவாற்றலுக்கு மட்டும், வீட்டில் பெரிய சச்சரவு ஒன்று எழுந்த பிறகே அளவுகோலைத் தேடுகிறோம்.

எங்கள் தவறு ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை அவருடைய மகள் அழைத்து வந்தார். அந்தத் தெருவில் எந்தக் கல்யாண வீடானாலும் மொய் எழுத அமர்பவர் அந்த ஆசிரியர்தான். அவர் எழுதிய மொய்க் கணக்கு இரண்டு விசேஷங்களில் தொடர்ந்து பிழையாகிவிட்டது என்பதே மகளின் கவலை. நாங்கள் பரிசோதித்தோம், 30-க்கு 27 பெற்றார். 24-க்கு மேல் இருந்தால் அச்சமில்லை என்பது வழக்கமான கணக்கு. எனவே வயதுக்குரிய மறதிதான் என்று சொல்லி அனுப்பிவிட்டோம். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் மீண்டும் வந்தபோது மதிப்பெண் 21. நாற்பது ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்ற ஒருவருக்கு 27 என்பதே ஒரு சரிவாக இருந்திருக்கக்கூடும். முதல் நாளிலேயே அதை நாங்கள் ஐயுற்றிருக்க வேண்டும். மகள் கண்டதை எங்கள் தாள் காணவில்லை.

இதற்கு நேர்மாறானதும் நடக்கிறது. கண்புரை அறுவைச் சிகிச்சைக்காக வந்த ஒரு மீனவ மூதாட்டிக்குப் போகிறபோக்கில் இந்தப் பரிசோதனையைச் செய்தார்கள், 16 மதிப்பெண். "ஆச்சிக்கு மறதிநோயாமே" என்று பேரன் பதறிக்கொண்டு எங்களிடம் வந்தார். ஆச்சி வாழ்நாளில் பென்சில் பிடித்தவர் இல்லை. இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொன்னால் எப்படி வரைவார்? ஆங்கிலத் தேதி அவருக்குத் தேவைப்பட்டதே இல்லை. ஆனால் எந்தத் தெருவில் எந்த வீட்டில் எவ்வளவு மீன் கடன் நிற்கிறது என்பதை அன்றும் அவர் தாளில்லாமல் ஒப்பித்தார். வீட்டில் யாருக்கும் அவரிடம் எந்த மாற்றமும் தெரிந்திருக்கவில்லை. ஓராண்டு கழித்து மறுபடி அளந்தோம். ஒரு மதிப்பெண் கூடித்தான் இருந்தது. கண்ணில் புரை நீங்கியதும் அதற்கு ஒரு காரணமாகலாம்.

இப்போது ஒரு மதிப்பெண்ணை வைத்து இருவரையும் ஒப்பிட்டால் 27 நலம், 16 நோய் என்றுதான் முடிவு வரும். உண்மை அதற்கு மறுதலையாக இருந்தது.

இந்தச் சிக்கல் நம் கடற்கரைக்கு மட்டும் உரியதன்று. உலகெங்கும் பரவலாகப் பயன்படும் இந்த 30 மதிப்பெண் பரிசோதனையை 1975-இல் அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் தம்பதியரும் மக்ஹியூவும் வெளியிட்டார்கள். காலமும் இடமும் அறிதல், மூன்று சொற்களை நினைவில் கொள்ளல், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தல், ஒரு வாக்கியத்தைப் படித்து அதன்படி செய்தல், ஒரு வாக்கியம் எழுதுதல், படம் பார்த்து வரைதல் என்று அது அமைந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தின் வாசனை அதில் பலமாக வீசுவதை எவரும் உணரலாம்.

எழுதப் படிக்கத் தெரியாத முதியோரிடம் இதை எவ்வாறு கேட்பது என்ற கேள்வியை இந்தியாவில் முதலில் முறையாக எதிர்கொண்டவர்கள் ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் ஆய்வு செய்தவர்கள். மேரி கங்குலியும் அவருடைய குழுவினரும் 1995-இல் வெளியிட்ட இந்தி வடிவத்தில் நூறிலிருந்து ஏழு கழிப்பதை விட்டுவிட்டு இருபதிலிருந்து மூன்று மூன்றாகக் கழிக்கச் சொன்னார்கள். ஒரு சொல்லின் எழுத்துகளைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வதற்குப் பதில், கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னார்கள். "கண்களை மூடுக" என்ற வாசகத்தைப் படிக்கச் சொல்லாமல், தாம் கண்ணை மூடிக் காட்டி, அதைப் பார்த்துச் செய்யச் சொன்னார்கள். வாக்கியம் எழுதுவதற்கு ஈடாக, வீட்டைப் பற்றி ஏதேனும் சொல்லும்படி கேட்டார்கள். அளக்கும் திறனை மாற்றாமல், அதை அளக்கும் கருவியில் இருந்த பள்ளிக்கூடத்தை மட்டும் வெளியேற்றிய வேலை அது.

தமிழ்நாட்டிலும் அந்த வழியில் நல்ல பணிகள் நடந்துள்ளன. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் பணியாற்றி, 2009-இல் வேலூர்ச் சோதனைக் கருவி என்ற ஒன்றை உருவாக்கி வெளியிட்டார்கள். அதில் முதியவரிடம் கேட்க ஒரு தாள், உடனிருப்பவரிடம் கேட்க இன்னொரு தாள். அடன்புரூக் பரிசோதனை எனப்படும் விரிவான சோதனையும் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் சீரமைக்கப்பட்டு 2020-இல் வெளிவந்தது.

நம் ஊரில் இதன் நடைமுறைப் பொருள் என்ன? தேதியைக் கேட்கும்போது பங்குனி பத்து என்று ஒருவர் சொன்னால் அது சரியான விடை. காயல்பட்டினத்து முதியவர் ஹிஜ்ரி மாதத்தைச் சொன்னாலும் சரியே. ஆவணித் திருவிழா முடிந்து எத்தனை நாளாயிற்று என்றோ, பனிமயமாதா கொடியேற்றம் வர இன்னும் எத்தனை வாரம் என்றோ காலத்தைக் கணக்கிடுபவர் காலத்தை அறிந்தவர்தான். வாடைக்காற்றா கச்சான்காற்றா என்பதை வைத்தே பருவத்தைச் சொல்லும் கடற்றொழிலாளிக்கு நாள்காட்டி எதற்கு?

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. அன்பு மிகுதியால் ஒவ்வொரு மருத்துவரும் தம் விருப்பப்படி கேள்விகளை எளிதாக்கத் தொடங்கினால், அடுத்த ஆண்டு ஒப்பிடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. இவ்வாண்டு முழக்கோலால் அளந்து, வரும் ஆண்டு சாண் கணக்கில் அளந்தால் துணி சுருங்கியதா என்று யார் சொல்வது? எந்தக் கருவியைத் தேர்ந்தோமோ அதே கருவி, அதே மொழி, கூடுமானவரை அதே காலை வேளை என்பதே எங்கள் பிடிவாதம். காலை பத்து மணிக்கு நலமாகப் பதில் சொல்பவர் மாலை நான்கு மணிக்குக் களைத்துப் போய் மூன்று மதிப்பெண் குறைவாகப் பெறுவதை அடிக்கடி காண்கிறோம். எனவேதான் வேறோர் இடத்தில் முன்பு பரிசோதித்திருந்தால் அந்தத் தாளையே கொண்டுவரச் சொல்கிறோம். "இருபத்திரண்டு போட்டாங்க" என்று வாய்மொழியாகச் சொன்னால், எந்தக் கருவியில் இருபத்திரண்டு என்று எங்களுக்குத் தெரியாது.

இரண்டு மூன்று மதிப்பெண் ஏறுவதும் இறங்குவதும் தற்செயலாகவே நிகழும். முதல் நாள் இரவு தூக்கம் கெட்டிருக்கலாம். புதிய இடத்தின் அச்சம் இருக்கலாம். காதில் கேள்வியே விழாமல் இருந்திருக்கலாம். இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு மயக்கம் உண்டு: ஒரே தாளைக் குறுகிய இடைவெளியில் மீண்டும் மீண்டும் கொடுத்தால் முதியவர் கேள்விகளைப் பழகிக்கொள்வார். மதிப்பெண் கூடும், நோய் குறைந்ததாகப் பொருளில்லை. ஆறு மாதம் அல்லது ஓராண்டு இடைவெளி விடச் சொல்வதற்கு இதுவே காரணம். அல்சைமர் நோயில் இந்த 30 மதிப்பெண் அளவில் ஆண்டுக்குச் சராசரியாக மூன்று மதிப்பெண்ணளவு சரிவு காணப்படுகிறது. சராசரி என்பதால் அதைவிட மெதுவாகச் செல்பவரும் உண்டு, விரைவாகச் செல்பவரும் உண்டு. மூளையின் இரத்தக் குழாய்கள் பழுதுபடுவதால் வரும் மறதிநோயில் சரிவு சாய்தளம்போல் இல்லாமல் படிக்கட்டுபோல் இருக்கலாம்: பல மாதம் ஒரே நிலை, திடீரென ஓர் இறக்கம், மறுபடி ஒரு சமநிலை. இந்த வடிவம் கண்ணுக்குத் தெரிய மூன்று அளவீடுகளாவது வேண்டும்.

நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று ஆளை மாற்றிப் பேசுகிறார், பகலில் உறங்கி இரவில் எழுந்து நடக்கிறார் என்றால் நினைவாற்றல் பரிசோதனைக்கு நாள் குறிக்க வேண்டாம். உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைதல், நீர்ச்சத்துக் குறைவு, புதிதாகத் தொடங்கிய மருந்து, கீழே விழுந்ததில் மண்டையோட்டுக்குள் இரத்தம் கட்டுதல் என்று இதற்குப் பல காரணங்கள். பெரும்பாலானவற்றுக்குச் சிகிச்சை உண்டு. கத்திரி வெயிலில் இத்தகையோரை அதிகம் பார்க்கிறோம். அந்த நிலையில் உள்நோயாளியாகப் படுக்கையில் இருக்கும்போது எடுத்த மதிப்பெண்ணை அவருடைய வாழ்நாள் கணக்கின் முதல் வரியாக எழுதிவிடக் கூடாது. உடல் தேறி வீடு திரும்பிச் சில மாதங்கள் ஆன பிறகே அடிப்படை அளவை எடுக்க வேண்டும்.

எண்ணைப் பற்றி இவ்வளவு சொன்னோம். எண்ணைவிட எங்களுக்கு முக்கியமாகப்படுவது வீட்டிலிருப்பவர் சொல்லும் செய்தி. அதுவும் தானாக வந்துவிடுவதில்லை.

வளரும் நாடுகளில் மறதிநோயை ஆராய்ந்த பத்து-அறுபத்தாறு ஆய்வுக் குழுவினர் 2008-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட முடிவுகளை எங்கள் குழுவில் அடிக்கடி பேசுவோம். இந்தியாவின் கிராமப்புறத்துக்கு அவர்கள் தேர்ந்த இடம் வேலூர் வட்டாரம்; நகரத்துக்குச் சென்னை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வரையறைப்படி கணக்கிட்டபோது கிராமப்புற இந்தியாவில் 65 வயதைக் கடந்தோரிடம் மறதிநோய் 0.3 சதவீதம் மட்டுமே. அதே வரையறையில் கியூபாவில் 6.3 சதவீதம். கல்வி வேறுபாட்டைக் கருத்தில் கொண்டு அந்தக் குழுவினரே உருவாக்கிய அளவுகோலில் பார்த்தபோது, எல்லா நாடுகளிலும் 5.6 முதல் 11.7 சதவீதத்துக்குள் அது அமைந்தது. நம் கிராமங்களில் நோய் இல்லை என்று மகிழ்வதற்கு அந்த 0.3-இல் இடமில்லை. முதியவரிடம் சரிவு ஏற்பட்டிருப்பதை உடனிருப்பவர்கள் குறைவாகவே எடுத்துச் சொன்னார்கள் என்பது அந்த வேறுபாட்டுக்கு அவர்கள் காட்டிய முக்கியக் காரணம்.

இதைப் படித்தபோது எங்களுக்கு வியப்பு ஏற்படவில்லை. நம் வீடுகளில் அறுபது கடந்தவரிடமிருந்து வேலையை ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்வதை மரியாதை என்று கருதுகிறோம். ரேஷன் கடைக்கு மருமகள் போகிறார். வங்கிக்கு மகன் போகிறார். அடுப்பருகே ஆச்சியை விடுவதில்லை. வலை பின்னுவதற்கும் இளையவர்கள் வந்துவிட்டார்கள். செய்வதற்கு வேலை இல்லாதவரிடம் செய்ய முடியாமை எப்படி வெளிப்படும்? திண்ணையில் அமர்ந்து வருவோர் போவோரைச் சிரித்த முகத்துடன் விசாரிக்கும் தாத்தாவுக்கு மறதிநோய் முதிர்ந்திருப்பதை அண்டை வீட்டார்கூட அறியாமல் இருக்கலாம்.

பழைய நினைவுகளும் நம்மை ஏமாற்றும். தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. அந்தப் பருவத்தில் கடலில் இறங்கியவர்கள் இன்று எண்பதைக் கடந்தவர்கள். வள்ளம் புறப்பட்ட நேரம், பாரில் சிப்பி கிடந்த கிடை, கரையில் ஏலம் போன விதம் என்று மணிக்கணக்கில் சொல்லுவார்கள். "எங்க அப்பாவுக்கா மறதி? அறுபத்தொண்ணுல நடந்தத இன்னைக்கும் புட்டுப்புட்டு வைக்காங்க" என்று பிள்ளைகள் பெருமைப்படுவார்கள். மறதிநோய் முதலில் தொடுவது பெரும்பாலும் அண்மை நினைவை. இன்று காலை மாத்திரை சாப்பிட்டாரா, நேற்று வந்து போன விருந்தாளி யார், ஒரே கதையை இந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை சொன்னார் என்பவைதான் எங்களுக்கு வேண்டியவை.

யார் சொல்வது என்பதிலும் வேறுபாடு உண்டு. உடன் வசிக்கும் மருமகளோ மகளோ ஒன்று சொல்வார். வளைகுடாவிலிருந்தோ சென்னையிலிருந்தோ தொலைபேசியில் பேசும் மகன் வேறொன்று சொல்வார். "எங்கிட்ட நல்லாத்தான பேசுதாங்க" என்பார். பத்து நிமிடப் பேச்சை எவரும் சமாளித்துவிடலாம். அதிலும் நல்ல பேச்சுப்பழக்கம் உள்ளவர் எளிதாகவே சமாளிப்பார். இரவு இரண்டு மணிக்கு வாசற்கதவைத் திறந்துகொண்டு கோயிலுக்குப் புறப்படுபவரைத் தடுத்து அழைத்து வருபவர் சொல்வதற்கே நாங்கள் முதலிடம் தருகிறோம். இதில் எவருக்கேனும் மனவருத்தம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். நாள்தோறும் எழுத வேண்டியதில்லை. புதிதாக ஏதேனும் கண்டால் தேதியிட்டு ஒரு வரி போதும். 'கருப்பட்டிக் காப்பியில் உப்புப் போட்டார்', 'முதியோர் உதவித்தொகையை மூன்று முறை எண்ணியும் கணக்கு வரவில்லை', 'நாழிக்கிணற்றிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றார்' என்பன போன்ற வரிகள் எந்த ஸ்கேனிலும் தெரியாதவை. பத்தாண்டுகளுக்கு முன் இருந்ததோடு இன்று எப்படி என்று குடும்பத்தாரிடம் மட்டுமே கேட்கும் கேள்வித்தாள் ஒன்றை ஆஸ்திரேலியாவின் ஜார்ம் உருவாக்கினார். நோயாளி ஒரு கேள்விக்குக்கூட விடையளிக்க வேண்டாத பரிசோதனை அது. படிப்பு இருந்ததா இல்லையா என்ற வேறுபாட்டால் அது அதிகம் பாதிக்கப்படுவதில்லை. அவர் ஒப்பிடப்படுவது அவரோடுதான்.

நோட்டுப் புத்தகம் வைக்கச் சொன்னதைத் தவறாகப் புரிந்துகொண்டு, சில வீடுகளில் தினமும் தேர்வு நடத்துகிறார்கள். "நான் யாரு, சொல்லுங்க பாப்போம்" என்று விருந்தினர் முன்னிலையில் பேரப்பிள்ளைகள் கேட்பதும், பெரியவர் திணறுவதும், எல்லாரும் சிரிப்பதும் எங்களுக்குத் தாங்கமுடியாத காட்சி. கவனிப்பது வேறு, சோதிப்பது வேறு. சோதிக்கும் வேலையை எங்களிடம் விட்டுவிடுங்கள்.

தீராத நோயை அளந்து என்ன பயன் என்று கேட்பவர்களும் உண்டு. நேர்மையான கேள்விதான். அல்சைமர் நோயை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்றில்லை. இருக்கும் மருந்துகளின் பயனும் அளவானதே. ஆயினும் மறதியோடு வருபவர் எல்லாருக்கும் அல்சைமர் இல்லை. தைராய்டுக் குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரைகள், கேட்கும் திறன் இழப்பு ஆகியவை மறதிநோய்போலத் தோன்றலாம், அல்லது இருக்கும் நோயைக் கூட்டிக் காட்டலாம். இவற்றைச் சரிசெய்து மறுபடி அளக்கும்போது எண் ஏறுவதைக் கண்டிருக்கிறோம். சரிவுதான் என்று உறுதியானாலும், அடுத்த ஆண்டு என்ன உதவி தேவைப்படும் என்பதை முன்கூட்டியே திட்டமிட முடிகிறது. 60 வயதைக் கடந்த இந்தியரில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேருக்கு, மறதிநோய் இருக்கக்கூடும் என்று இந்திய முதுமை குறித்த தேசிய ஆய்வின் 2023-ஆம் ஆண்டு மதிப்பீடு சொல்கிறது. இவர்களைக் கவனித்துக்கொள்வது குடும்பங்கள்தாம்.

தமக்குப் பரிசோதனை வேண்டாம் என்று மறுக்கும் உரிமையும் முதியவருக்கு உண்டு. ஏமாற்றி அழைத்து வராதீர்கள். "கண் டாக்டரிடம் போகிறோம்" என்று சொல்லி அழைத்து வரப்பட்டவர் எங்கள் எதிரில் அமர்ந்து வாயே திறக்காமல் பெற்ற பூஜ்யங்கள் எதையும் அளப்பதில்லை.

கடைசியாக, சிலருக்குக் கசக்கக்கூடிய ஒன்று. "அப்பாவுக்கு எத்தனை மார்க்குன்னு லெட்டர்பேடுல எழுதிக் குடுங்க" என்று கேட்டு வருவோரின் எண்ணிக்கை கூடிவருகிறது. விசாரித்தால் பின்னணியில் ஒரு பத்திரப்பதிவு இருக்கும். எழுதிக் கொடுத்த பத்திரத்தை உடைக்க ஒரு பிள்ளைக்குக் குறைந்த மதிப்பெண் வேண்டும்; எழுதி வாங்க இன்னொரு பிள்ளைக்கு நிறைந்த மதிப்பெண் வேண்டும். எங்கள் தாள் இதற்கானதன்று. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமே, ஒப்பந்தம் செய்யும் அந்த நேரத்தில் அதைப் புரிந்துகொண்டு தம் நலன் கருதி முடிவெடுக்க முடிகிறதா என்றுதான் கேட்கிறது. 18 மதிப்பெண் பெற்றவர் தம் வீட்டை யாருக்குக் கொடுக்க விரும்புகிறார் என்பதைத் தெளிவாகச் சொல்லக்கூடும். 26 பெற்றவர் ஏமாற்றப்படவும்கூடும். அதை அறிய வேண்டுமானால் அந்த முடிவைப் பற்றியே அவரிடம் தனியாக, பிள்ளைகள் அருகில் இல்லாமல், பொறுமையாகப் பேச வேண்டும். அவ்வாறு பேசத் தயாராக இருக்கிறோம். எண்ணை மட்டும் கடிதத்தாளில் எழுதித் தருவதில்லை.

அறுபது வயதைக் கடந்து, எந்தக் குறையும் இல்லாமல் நலமாக இருப்பவர்களே முதல் அளவீட்டுக்கு ஏற்றவர்கள். கோடைக்கும் திருவிழாக் கூட்டத்துக்கும் இடைப்பட்ட ஏதேனும் ஒரு காலைப்பொழுதில் வாருங்கள். அரைமணி நேரம் ஆகும். வழக்கமாக உடன் இருப்பவரையே அழைத்து வாருங்கள். உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். மூக்குக்கண்ணாடியையும் காதுக் கருவியையும் வீட்டில் விட்டுவிட்டு வருபவர்கள் ஏராளம். அவர்களைத் திருப்பி அனுப்பி வேறொரு நாள் வரச் சொல்கிறோம் என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். தாளின் ஒரு பிரதியை உங்களிடமே தருவோம். அதைச் சர்க்கரை நோட்டுப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள்.